சபையில் சிரித்தவர்கள்

திருவண்ணாமலையிலிருந்து செங்கம் வரையுள்ள வட்டாரத்தில், வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும், எத்தனையோ நடுகற்கள் கேட்பாரற்று நின்றிருந்தன. தமிழ்நாடு தொல்லியல் துறை அவற்றைத் தேடித் தொகுத்து 1972-ல் ‘செங்கம் நடுகற்கள்’ என்ற நூலாக வெளியிட்டது. பெரும்பாலான கற்களில் கதை ஒன்றுதான். தொறு கவரப்பட்டது, மீட்கப் போனவன் பட்டான். தொறு என்றால் மாட்டு மந்தை. எடுத்தனூரில் உள்ள கல்லில் வீரனுக்குப் பின்னால் ஒரு நாயும் நிற்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளர் இருவரைக் கடித்தது என்றும் கல்வெட்டே சொல்கிறது. முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல் அது.

‘வெஸ்டர்ன்’ என்று அமெரிக்கர்கள் பெயர் வைத்த கதைவகைக்கு வேண்டிய சரக்கு முழுவதும் இந்த மண்ணில் ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறது. வறண்ட நிலம், மொட்டைப் பாறை, மாடு, களவு, ஆயுதம், செத்தாலும் பெயர் நிற்க வேண்டும் என்று ஆசைப்படும் ஆண்கள். ஆனாலும் நமக்கு வெஸ்டர்ன் சிவகாசி வழியாகத்தான் வந்தது. முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு டெக்ஸ் வில்லர் பக்கத்து வீட்டுக்காரர். எழுபதுகளில் இயக்குநர் கர்ணன் ஜெய்சங்கரைக் குதிரையில் ஏற்றி ‘கங்கா’, ‘ஜக்கம்மா’, ‘எங்க பாட்டன் சொத்து’ என்று எடுத்துத் தள்ளினார். 2010-ல் சிம்புதேவன் ‘இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்’ எடுத்து அந்த மொத்த வகையையும் கேலி செய்தார். துப்பாக்கி வந்தது, தொப்பி வந்தது. ‘நீ ஆம்பளையா?’ என்று ஒருவனை இன்னொருவன் கேட்பதன் பின்னால் என்ன இருக்கிறது என்ற கேள்வி மட்டும் வரவில்லை.

அந்தக் கேள்வியை வெஸ்டர்னுக்குள்ளேயே வைத்துக் கேட்ட படம் ஜேன் கேம்பியன் இயக்கிய ‘தி பவர் ஆஃப் த டாக்’. தாமஸ் சாவேஜ் 1967-ல் எழுதிய நாவல், 2021-ல் படமாயிற்று. கதை நடப்பது 1925-ல், மொன்டானாவில் ஒரு மாட்டுப் பண்ணையில். அண்ணன் ஃபில் முரடன், குளிக்க மாட்டான், கையுறை போடாமல் காளைக்குக் காயடிப்பான். தம்பி ஜார்ஜ் கோட்டு போட்ட சாது. விதவையான ரோஸைத் தம்பி கல்யாணம் செய்துகொள்கிறான். அவளுடைய மகன் பீட்டர் ஒல்லி, மெதுவாகப் பேசுபவன், காகிதத்தில் பூச்செய்து சாப்பாட்டு மேசையில் வைப்பவன். அந்தப் பூவை எடுத்துத் தீயில் காட்டி அதில் சிகரெட் பற்றவைக்கிறான் ஃபில். மேசையைச் சுற்றியிருந்த மாடோட்டிகள் சிரிக்கிறார்கள்.

கடைசியில் பீட்டர்தான் ஃபில்லைக் கொல்கிறான், கத்தியில்லாமல். அடைப்பான் நோயில் செத்த மாட்டின் தோலை ஃபில்லின் கையில் கொடுக்கிறான். பையனுக்காகவே கயிறு திரித்துக்கொண்டிருந்தவனின் விரல் காயத்தில் நோய் ஏறுகிறது. படத்துக்கு 12 ஆஸ்கர் பரிந்துரைகள் வந்தன. இயக்கத்துக்கான விருது மட்டும் கிடைத்தது.

இந்தப் படத்தைப் பற்றி எழுதியவர்களில் பலர் ஃபில்லின் மனத்துக்குள் இறங்கினார்கள். அவன் தன் குருவான பிராங்கோ ஹென்றியை ரகசியமாகக் காதலித்தவன். தனக்குள் ஒளித்துவைத்ததைப் பையனிடம் வெளிப்படையாகப் பார்த்ததும் வெறுக்கிறான் என்று விளக்கினார்கள். தவறில்லை. ஆனால் அந்த விளக்கம் ஃபில்லோடு முடிந்துவிடுகிறது. மேசையைச் சுற்றிச் சிரித்தவர்களுக்கு எந்த ரகசியக் காதலும் இல்லை. ஜார்ஜ் சிரிக்கவில்லை, வாயும் திறக்கவில்லை. கொடுமைக்காரனின் மனநோயை ஆராய்வதில் ஒரு வசதி இருக்கிறது. அவன் ஒருவன்தான் நோயாளி, மிச்சப்பேர் நல்லவர்கள் என்று எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம்.

வட ஆற்காட்டுக் கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த வசதி கிடையாது. அங்கே துச்சாதனன் மட்டும் குற்றவாளி இல்லை, சபையே குற்றவாளி.

செய்யாறு, வந்தவாசி, போளூர், திருவண்ணாமலைப் பக்கங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, முடிவில் படுகளமும் தீமிதியும். புகழ்பெற்ற கூத்துக் கிராமமான புரிசை திருவண்ணாமலை மாவட்டத்தில்தான் இருக்கிறது. கண்ணப்ப தம்பிரானின் ஊர். கூத்துக் குழுவை இங்கே ஜமா என்பார்கள். ஆண்வேடக்காரருக்குக் கட்டை உண்டு. மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லும் ஜிகினாவும் ஒட்டிய கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம். இவற்றைத் தனியாளாகக் கட்டிக்கொள்ள முடியாது. பின்னால் ஒருவர் நின்று, முதுகில் முட்டுக்கொடுத்து, கயிற்றை இழுத்து முடிய வேண்டும். விடியும்வரை சுழன்று ஆடினாலும் அவிழக் கூடாது, அவ்வளவு இறுக்கம். பெண்வேடக்காரருக்கு ஒரு சேலை, ஒரு சவுரி, கொஞ்சம் நகை. வேடக் கொட்டகையில் உட்கார்ந்து இதைப் பார்த்தவர்களுக்கு ஆண்மை எப்படிக் கட்டப்படுகிறது என்று கோட்பாட்டு நூல் எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்னொரு ஆண் பின்னால் நின்று கயிற்றை இழுக்காமல் துரியோதனன் துரியோதனனாக முடியாது.

துகிலுரியும் கட்டத்தில் ஆட்டம் கொஞ்சம் நிற்கும். துச்சாதன வேடக்காரர் அம்மனிடம் மன்னிப்புக் கேட்பார், கற்பூரம் ஏற்றுவார்கள். வேடம்தான் என்றாலும் செய்யப்போவது பாவம் என்பது மேடையிலேயே ஒப்புக்கொள்ளப்படுகிறது. அதற்குப் பிறகு திரௌபதி கேட்கும் கேள்விகள் துச்சாதனனை நோக்கி மட்டும் வருவதில்லை. பீஷ்மர் என்ன செய்தார், துரோணர் என்ன செய்தார், ஐந்து கணவன்மார் என்ன செய்தார்கள். நூறு பேரில் விகர்ணன் ஒருவன் எழுந்து இது அநியாயம் என்கிறான். கர்ணன் அவனைச் சின்னப் பையன் என்று அதட்டி உட்கார வைக்கிறான். பாரதியும் இந்த இடத்தில் கௌரவர்களோடு நிறுத்தவில்லை. ‘பாஞ்சாலி சபத’த்தில், தெருவில் நின்று பார்த்துப் புலம்பிய ஊர்ச்சனங்களையே வாங்கு வாங்கென்று வாங்குகிறார்.

இதைவிட ஃபில்லின் கதைக்கு நெருக்கமானது விராட பருவம். அதைப் படித்தால் மழை வரும் என்று நம் கிராமங்களில் இன்றும் வாசிக்க வைக்கிறார்கள். யோசித்துப் பார்த்தால் அது அசல் வெஸ்டர்ன். நாடோடிகளாக வந்தவர்கள் பெயரை மறைத்து ஓர் ஊரில் வேலைக்குச் சேர்கிறார்கள். ஊரை ஆட்டிவைக்கும் ஒரு ரவுடி இருக்கிறான், ராஜாவின் மைத்துனன் கீசகன். கடைசியில் மாட்டு மந்தை கவரப்படுகிறது, சண்டை நடக்கிறது. கீசகன் திரௌபதியைச் சபையிலேயே, விராட ராஜா பார்க்க, உதைக்கிறான். அங்கே கங்கன் என்ற பெயரில் சூதாடிக்கொண்டிருந்த தருமன், சத்தம் போடாமல் உள்ளே போ என்று அவளையே அடக்குகிறான். ஜார்ஜுக்கு அண்ணன் அவன்தான்.

மறுநாள் இரவு கூத்துச்சாலையில் பெண் உடையில் காத்திருந்த பீமன் கையால் கீசகன் சாகிறான். மந்தையை மீட்கப் போவதும் ஓர் அலிதான், பிருகன்னளையாக மறைந்து வாழும் அர்ச்சுனன். அந்தப்புரத்தில் பெண்கள் நடுவே மார்தட்டிய ராஜாவின் மகன் உத்தரகுமாரன் படையைப் பார்த்ததும் தேரிலிருந்து குதித்து ஓடுகிறான். நடனம் சொல்லிக்கொடுக்கும் பிருகன்னளை அவனைத் துரத்திப் பிடித்து இழுத்துவருகிறாள். தமிழில் இன்றைக்கும் வாய்ச்சவடால்காரனுக்கு உத்தரகுமாரன் என்றுதான் பெயர். பெண்ணாக வேடமிட்ட இருவர், ஒருவர் கொடுமைக்காரனைக் கொல்கிறார், இன்னொருவர் கோழையை வீரனாக்குகிறார். ஆண்மையைக் காட்டிக்கொண்டவர்கள் இருவரும் அவமானப்படுகிறார்கள். பீட்டர் காகிதப் பூச்செய்வதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்னால் இந்தக் கணக்கு இங்கே போடப்பட்டுவிட்டது.

கீசகன் கதைக்கு நவீன வாழ்வும் உண்டு. கே. பி. காடில்கர் 1907-ல் மராத்தியில் எழுதிய ‘கீசக வதம்’ நாடகத்தைப் பார்த்தவர்களுக்குக் கீசகன் யார் என்று தெரிந்திருந்தது, கர்சன் பிரபு. வெள்ளைக்கார அரசுக்கும் தெரிந்ததால் 1910-ல் தடை. பத்தாண்டு முடிவதற்குள் வேலூர்க்காரரான ஆர். நடராஜ முதலியார் சென்னை கீழ்ப்பாக்கத்தில் கொட்டகை போட்டு எடுத்த தென்னிந்தியாவின் முதல் கதைப்படமும் ‘கீசக வதம்’தான். படச்சுருள் மிஞ்சவில்லை. நம் சினிமா ஒரு போக்கிரியின் சாவில் தொடங்கியிருக்கிறது. பிறகு அது போக்கிரிகளைக் கதாநாயகன் ஆக்கியது வேறு கதை.

2024 ஆகஸ்டில் வந்த ‘ஜமா’ இந்த வட்டாரத்தின் படம். பாரி இளவழகன் எழுதி, இயக்கி, நடித்தார்; இசை இளையராஜா. திருவண்ணாமலைப் பக்கத்து ஜமா ஒன்றில் கல்யாணம் என்ற இளைஞன் பெண்வேடம் கட்டுகிறான். திரௌபதியாக அவன் அழுதால் ஊரே அழும். விடிந்த பிறகு அவன் நடையைப் பார்த்து அதே ஊர் சிரிக்கும். பெண் கொடுக்க மறுக்கிறார்கள். அம்மாவுக்குக் கவலை. அவனுக்கு ஒரே ஆசை, ஒருமுறையாவது அர்ச்சுனன் வேடம் கட்ட வேண்டும். அவன் அப்பாவும் சேர்ந்து தொடங்கிய ஜமாவைத் தன்வசமாக்கிக்கொண்ட வாத்தியார் தாண்டவம் அதற்கு விடமாட்டார். சேத்தன் அந்த வேடத்தில் காட்டியது ஃபில்லுக்குச் சளைத்த முரட்டுத்தனம் இல்லை. அடியும் உண்டு, ஆனால் அடியை விடச் சொல்தான் அதிகம் வலிக்கிறது. அதுவும் குழுவில் மற்றவர்கள் இருக்கும்போது சொல்லும் சொல்.

படத்தில் என்னை உறுத்திய இடம் ஒன்று. கல்யாணம் தன்னை நிரூபிக்க அர்ச்சுனன் வேடத்தைத்தான் கேட்கிறான். பெண்வேடத்தில் அவன் ஏற்கெனவே ஊரின் பெரிய கலைஞன். ஆனாலும் ஆண்வேடம் கட்டினால்தான் மரியாதை என்பதை அவனும் நம்புகிறான். கேலி செய்பவனின் அளவுகோலைக் கேலி செய்யப்படுபவனே கையில் எடுத்துக்கொள்வது இதன் மிக ஆழமான சேதம். அர்ச்சுனனே ஓராண்டு பிருகன்னளையாக வாழ்ந்தவன் என்பது அந்த ஜமாவில் எல்லாருக்கும் தெரிந்த கதை. அது கேலிக்கு மருந்தாகவில்லை. கதையில் ஏற்றுக்கொண்டதைத் தெருவில் ஏற்காமலிருக்க நமக்கு நல்ல பயிற்சி இருக்கிறது.

அண்ணாமலையார் கோயிலிலேயே இதைப் பார்க்கலாம். கார்த்திகை தீபத்தன்று மாலை, 2,668 அடி உயர மலை உச்சியில் மகாதீபம் ஏற்றும் நேரத்தில், அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்குள்ளிருந்து ஆடியபடி வெளியே வருவார். ஆண்டில் ஒரே ஒருநாள், சில நிமிடம்தான். லட்சக்கணக்கானவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். ஆண் பாதி பெண் பாதி என்பது வழிபாட்டுக்குரியது. அதே கூட்டத்தில் நெளிந்து நடக்கும் ஒரு பையனைப் பின்னாலிருந்து ‘ஒம்போது’ என்று கூப்பிடுவதும் நடக்கிறது.

தை மாதம் திருவூடல் தெருவில் நடக்கும் விழாவின் கதை இன்னும் கூர்மையானது. பிருங்கி முனிவர் சிவனை மட்டும் கும்பிடுவேன், அம்மனைக் கும்பிட மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தவர். இருவரும் ஓருடலாக நின்றபோது வண்டாக மாறி நடுவே துளைத்துப் போய்ச் சிவனை மட்டும் சுற்றினார். உடம்பில் தாய் கொடுத்த பங்கை அம்மன் திரும்ப எடுத்துக்கொண்டாள். சதையும் ரத்தமும் வற்றி நிற்க முடியாமல் விழுந்தார், மூன்றாவது கால் கொடுத்துத் தூக்கி நிறுத்த வேண்டியதாயிற்று. அவருக்குச் சுவாமி காட்சி கொடுக்கப் போவதில்தான் ஊடல் மூளுகிறது. உண்ணாமுலையம்மன் தனியாகக் கோயிலுக்குத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொள்ள, அண்ணாமலையார் அன்றிரவு வெளியே தங்குகிறார். அம்மனை அவமதித்தது பிருங்கி. அம்மன் கோபித்துக்கொள்வது, அதைக் கண்டும் அவருக்கு அருள்செய்யப் போன கணவரிடம். ரோஸ் அப்படிக் கதவைச் சாத்தியிருந்தால் ஜார்ஜுக்குப் புத்தி வந்திருக்கலாம். அவள் குடிக்கத் தொடங்குகிறாள்.

தலபுராணத்தின் மூலக்கதையே ஆண்களின் போட்டிதான். நான் பெரியவனா நீ பெரியவனா என்று பிரம்மாவும் திருமாலும் மோதிக்கொள்ள, சிவன் அடிமுடி தெரியாத நெருப்புத்தூணாக நிற்கிறார். முடியைக் கண்டதாகப் பொய் சொன்ன பிரம்மாவுக்குக் கோயில் இல்லை. ஒத்து ஊதிய தாழம்பூவுக்கும் பூசையில் இடம் இல்லை. நம் சட்டங்கள் நெடுங்காலம் கழித்து எட்டிப் பிடித்த ஒரு நியாயம் அந்தத் தாழம்பூவின் தண்டனையில் இருக்கிறது.

புராணத்தை விட்டு வரலாற்றுக்கு வந்தாலும் இந்த ஊர் இதே கேள்வியைத்தான் நீட்டுகிறது. 1896 செப்டம்பரில் வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன் வீட்டைவிட்டு இங்கே வந்து ஆயிரங்கால் மண்டபத்தில் உட்கார்ந்தான். ஊர்ப் பையன்கள் கல்லாலும் ஓட்டாஞ்சில்லாலும் அடித்தார்கள். சேஷாத்திரி சுவாமிகள் விரட்டிப் பார்த்தார், தொல்லை கூடியதே தவிரக் குறையவில்லை. பையன் பாதாள லிங்கக் குகையின் இருட்டுக்குள் போய் உட்கார, பூச்சிகள் தொடையைத் தின்றன. பின்னால் ரமண மகரிஷி என்று உலகம் அறிந்தவர்.

அவருடைய பள்ளிப்பருவச் செய்தி ஒன்று வாழ்க்கை வரலாற்று நூல்களில் வருகிறது. கால்பந்து, மல்யுத்தம், நீச்சல் எல்லாவற்றிலும் பலசாலி. ஆனால் தூங்கினால் இடி விழுந்தாலும் எழமாட்டார். பகலில் அவரிடம் நெருங்கப் பயந்த பையன்கள், தூங்கும்போது தூக்கிக்கொண்டு போய் ஆசைதீர அடித்துவிட்டு மறுபடி கொண்டுவந்து படுக்க வைத்துவிடுவார்களாம். காலையில் எழுந்தால் ஒன்றும் தெரியாது. இதை அவரே பின்னாளில் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். சீண்டுதலின் இயல்பை இவ்வளவு சுருக்கமாகக் காட்டும் இன்னொரு நிகழ்ச்சி எனக்குத் தெரியவில்லை. அடித்தவர்களுக்கு வேண்டியிருந்தது அவருடைய வலி இல்லை. பலசாலியை அடித்தோம் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்ளும் அந்தப் பொழுது.

1924-ல் ஆசிரமத்தில் திருடர்கள் புகுந்து அவர் தொடையில் அடித்தபோதும், திருப்பி அடிக்க எழுந்த சீடரை அவர் தடுத்துவிட்டார். பக்தர்கள் இதைக் கருணை என்பார்கள். இருக்கலாம். எட்டாம் வகுப்பில் தினமும் அடிவாங்கும் பையனிடம் போய் இதைச் சொல்லக் கூடாது என்பது மட்டும் நிச்சயம்.

கல்வி ஆய்வுகள் இந்த விஷயத்தில் மெதுவாகத்தான் சபையைக் கண்டுகொண்டன. எழுபதுகளில் டான் ஓல்வியஸ் ஸ்காண்டிநேவியப் பள்ளிகளில் செய்த ஆய்வு அடிப்பவன், படுபவன் என்ற இருவரைச் சுற்றியது. 1996-ல் பின்லாந்தின் கிறிஸ்டினா சால்மிவல்லியும் உடனிருந்தவர்களும் வகுப்பறை முழுவதையும் பார்த்தார்கள். தொடங்குபவன் ஒருவன், கூடச்சேர்ந்து பிடித்துக்கொள்பவர்கள் சிலர், சிரித்து உசுப்பேற்றுபவர்கள் சிலர், கண்டும் காணாமல் இருப்பவர்கள் நிறைய, தடுப்பவர்கள் கொஞ்சம். இதன்மேல் கட்டப்பட்ட கீவா திட்டம் 2009 முதல் பின்லாந்துப் பள்ளிகளில் பரவியது. கொடுமைக்காரனைத் திருத்துவதைவிடச் சிரிப்பவர்களை நிறுத்துவது எளிது என்பது அதன் அடிப்படை. சமூகவியல் பக்கத்தில் ஆர். டபிள்யூ. கானெல் 1995-ல் ஆண்மைகளைப் பற்றி எழுதியபோது, தாங்களாக யாரையும் அடக்காமல், அடக்குகிறவர்களால் கிடைக்கும் லாபத்தில் மட்டும் பங்கு பெறுகிற ஆண்களைத் தனியாக ஒரு வகையாக வைத்தார். உடந்தை ஆண்மை. உலகில் பெரும்பாலான ஆண்கள் அந்த வகைதான். துகிலுரிந்த சபையில் உட்கார்ந்திருந்தவர்களும் அப்படித்தான்.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி சட்டத்துக்குள் வந்தது ஒரு கொலையால். 1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர் நாவரசுவைச் சீனியர் மாணவர் ஒருவர் கொன்று உடலைத் துண்டாடினார். கடலூர் நீதிமன்றம் 1998-ல் இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது, உயர் நீதிமன்றம் 2001-ல் விடுதலை செய்தது, உச்ச நீதிமன்றம் 2011-ல் தண்டனையை மீண்டும் உறுதிப்படுத்தியது. இதற்கிடையே 1997-ல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்துவிட்டது. இரண்டு ஆண்டுவரை சிறை, பத்தாயிரம் ரூபாய்வரை அபராதம். நான் முக்கியமாக நினைப்பது இன்னொரு பிரிவை. புகார் வந்தும் கல்லூரித் தலைவர் சும்மா இருந்தால் அவரும் குற்றத்துக்கு உடந்தை என்று கருதப்படுவார். சட்டம் முதல்முறையாகப் பீஷ்மரைக் கூண்டில் ஏற்றிய இடம் அது. உச்ச நீதிமன்றம் அமைத்த ஆர். கே. ராகவன் குழுவின் பரிந்துரைகளைத் தொடர்ந்து 2009-ல் வந்த பல்கலைக்கழக மானியக்குழு விதிகள், செய்தவர் யாரென்று தெரியாவிட்டால் கூட்டுத் தண்டனை கொடுக்கலாம் என்றன. ஏட்டில் இவ்வளவும் இருக்கிறது. நடைமுறையில் கல்லூரிச் சேர்க்கையின்போது பிள்ளையும் பெற்றோரும் உறுதிமொழித் தாளில் கையெழுத்துப் போடுவதோடு பல இடங்களில் வேலை முடிந்துவிடுகிறது.

ராகிங் தடைச் சட்டத்துக்கு அடுத்த ஆண்டே, 1998-ல், சென்னையில் ஒரு கல்லூரி மாணவி இறந்ததைத் தொடர்ந்து பெண்களைச் சீண்டுவதைத் தடுக்கும் அவசரச் சட்டம் வந்தது. இரண்டையும் தனித்தனி நோயாக எண்ணி இரண்டு மருந்துச் சீட்டு எழுதினோம். ஆட்டோவிலோ பஸ் நிறுத்தத்திலோ ஒரு பெண்ணைச் சீண்டுகிறவன் அநேகமாகத் தனியாக இருப்பதில்லை. கூட நாலு பேர் இருக்கிறார்கள், அவர்களிடம் பேர் வாங்கத்தான் அதைச் செய்கிறான்.

இதையெல்லாம் ஆண்மை என்ற ஒற்றைச் சாவியால் திறந்துவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவர் ஒருவரை, உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அவர் செய்த குற்றம், தன்னைச் சீண்டி ஏவல் வேலை வாங்கியவர்களைப் பற்றிப் பள்ளியில் சொன்னது. வெட்டுப்பட்டவர் பட்டியல் சாதி, வெட்டியவர்கள் ஆதிக்கச் சாதி. இதை வெறும் மாணவர் மோதல் என்பதும் பொய், வளரிளம் பருவத்து ஆண்மைச் சிக்கல் என்பதும் பாதிப் பொய். நீதிபதி கே. சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை கையில் கட்டும் வண்ணக் கயிறு, நெற்றி அடையாளம், பள்ளிப் பெயரில் ஒட்டிய சாதி என்று ஒவ்வொன்றாகக் கைவைத்தது. வண்ணக் கயிற்றை ஒரு பையன் தனக்காகக் கட்டுவதில்லை. யார் தன் பக்கம் என்று மற்றவர்களுக்குக் காட்டக் கட்டுகிறான். கூத்துக் கட்டையின் கயிற்றைப் போல அதையும் பின்னால் நின்று இறுக்கிவிடும் பெரியவர்கள் உண்டு.

சாதியும் ஆண்மையும் பின்னிக்கிடப்பதைத் தமிழில் ஆகச் சிறப்பாகக் காட்டிய படம் மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ (2018). சட்டக்கல்லூரியில் பரியனை அடித்துப் பெண்கள் கழிப்பறைக்குள் தள்ளுகிறார்கள். ஒடுக்கப்பட்டவனை அவமானப்படுத்தக் கடைசியில் தேடிக் கண்டுபிடிக்கும் இடம் பெண்களின் இடம்தான். அவன் அப்பா பெண்வேடம் கட்டி ஆடும் கலைஞர். அவரது வேட்டியை உருவி நடுச்சாலையில் ஓடவிட்டுச் சிரிக்கிறார்கள். அப்பாவாக நடித்த நெல்லை தங்கராஜ் நிஜத்திலும் நாட்டார் கலைஞர், 2023-ல் காலமானார். துகிலுரியும் காட்சி இங்கே ஓர் ஆணுக்கு நடக்கிறது; சபை அதே சபை.

பி. எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ என் வாதத்துக்குக் கொஞ்சம் இடறுகிறது. குடிகார அப்பன் மகனை வகுப்பிலிருந்து இழுத்துக்கொண்டு, கோபித்துப் போன மனைவியைத் தேடிப் போகிறான். மேலூர்ப் பக்கத்துப் பொட்டல் வெயிலில் அப்பனும் மகனும் நடக்கிறார்கள், நடக்கிறார்கள். சுற்றிலும் சிரிக்க யாரும் இல்லை. ஆனாலும் அப்பன் அதே அப்பன். சபையை உடம்புக்குள்ளேயே சுமந்து நடக்கிறவன் என்று வேண்டுமானால் சொல்லலாம். பையன் உடைந்த கண்ணாடிச் சில்லால் வெயிலை அப்பன் முதுகில் பாய்ச்சுகிறான். பீட்டரின் கயிற்றுக்கு நம் ஊர்ப் பதில் அது. 2021-ல் ராட்டர்டாமில் டைகர் விருது பெற்று, கேம்பியனின் படம் போட்டியிட்ட அதே ஆஸ்கர் ஆண்டுக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டது ‘கூழாங்கல்’. இரண்டையும் சேர்த்து எழுதியவர்கள் குறைவு.

இலக்கியத்தில் பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ பக்கம் போனால் கதை நூலுக்கு வெளியே வந்துவிடுகிறது. பிள்ளையில்லாத நாயகன் காளியை ஊர் ஜாடையாகக் குத்திக்காட்டுவதுதான் நாவலின் பாதி. தோட்டத்தில், கள்ளுக் கடையில், விசேஷ வீட்டில், எங்கே போனாலும் சிரிக்காமல் சிரிக்கும் முகங்கள். நாவலுக்கு எழுந்த எதிர்ப்பால் 2015 ஜனவரியில் நாமக்கல்லில் சமாதானக் கூட்டம் என்ற பெயரில் எழுத்தாளரை உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கினார்கள். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. அந்த அறையில் மிரட்டியவர்கள் யார் என்று நிறைய எழுதினோம். மேசையின் இந்தப் பக்கம் உட்கார்ந்து இரு தரப்புக்கும் டீ வரவழைத்த நடுநிலையைப் பற்றி அவ்வளவாக எழுதவில்லை.

கூத்தில் ஒரு மாற்றம் நடக்கப் பார்த்தது. காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி ப்ரைனும் 2002-ல் தொடங்கிய கட்டைக்கூத்து குருகுலத்தில் பையன்களோடு பெண் பிள்ளைகளும் கற்றார்கள். அவர்கள் திரௌபதி வேடத்தோடு நிற்காமல் கட்டை கட்டி ஆண்வேடங்களிலும் சுழன்றார்கள். ஓர் ஆணுக்கு மட்டுமே பொருந்தும் என்று சொல்லப்பட்ட மரம் ஒரு பெண் பிள்ளையின் தோளிலும் சரியாகவே உட்கார்ந்தது. குருகுலப் பள்ளி 2020-ல் மூடப்பட்டது. திருவண்ணாமலை, செய்யாறு வட்டாரத்துப் பழைய ஜமாக்களில் பெண் கலைஞர்கள் இன்றும் அபூர்வம். ‘ஜமா’ படத்திலும் வாத்தியாரின் மகள் கொட்டகைக்கு வெளியே நின்றுதான் கல்யாணத்தைக் காதலிக்கிறாள். அடுத்து எடுக்கிறவர் அவளை உள்ளே கூட்டிவந்து துச்சாதனன் வேடம் கொடுத்தால், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஆண்கள் எந்த இடத்தில் சிரிப்பது என்று முடிவெடுக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.